பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கப்பி மீனின் காதலைத் தீர்மானிக்கும் கேள்வி

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஏதாவது ஒரு கப்பி தொட்டி முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு காட்சி கட்டாயம் கண்ணில் படும். சுண்டுவிரலில் பாதி நீளம்தான் இருக்கும் ஓர் ஆண் மீன், தன்னைவிடப் பெரிய பெண் மீனின் முன்னால் வந்து நிற்கும். துடுப்புகளை விரிக்கும். உடம்பை ஆங்கில 'எஸ்' எழுத்துபோல வளைக்கும். அப்படியே சில நொடிகள் நடுநடுங்கும். பெண் மீன் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் நகர்ந்துவிடும். ஆண் மீண்டும் முன்னால் போய் நிற்கும்.

பார்ப்பவர்களுக்கு இது ஏதோ சாவி கொடுத்த பொம்மை ஆடுவதுபோலத் தெரியும். 'மீனுக்கு என்ன தெரியும், பிறவியிலேயே இருக்கும் குணம், ஆடுகிறது' என்றுதான் நினைக்கத் தோன்றும்.

ஆனால் அந்தத் தொட்டிக்கு அருகே ஒரு வேட்டை மீனைக் காட்டினால் ஆட்டம் மாறும். இன்னோர் ஆண் மீனை உள்ளே விட்டால் வேறு மாதிரி மாறும். இன்னொரு பெண் மீன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால், அந்த ஆணின் எதிர்காலமே மாறலாம். மீனின் காதல் என்பது ஆண், பெண் என இரண்டு பேர் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, சுற்றி இருக்கும் எல்லோரும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதை அரை நூற்றாண்டாக நடக்கும் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தக் கூட்டத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே காட்டுகின்றன.

யார் இந்த கப்பி?

கப்பியின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும், அதை ஒட்டிய கரீபியன் தீவான டிரினிடாடும். 1859-ல் ஜெர்மன் விலங்கியலாளர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன்பிறகு டிரினிடாடில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவர் சில மீன்களைப் பிடித்து லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பினார். அவர் பெயர்தான் மீனுக்கு ஒட்டிக்கொண்டது.

இந்தியாவுக்கு இந்த மீன் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. காரணம் அழகு இல்லை, கொசு. கொசுப் புழுக்களைத் தின்னும் என்பதால் கிணறுகளிலும் குட்டைகளிலும் விடப்பட்டது. இன்றும் மழைக்காலம் வந்தால் உள்ளாட்சி அமைப்புகள் நீர்நிலைகளில் கப்பி விடும் செய்திகளைப் பார்க்கலாம்.

கப்பி முட்டையிடாது, குட்டி போடும். ஆணின் உடலில் ஆரஞ்சு, கறுப்பு, பளபளக்கும் நீலம் எனப் புள்ளிகள் இருக்கும். காட்டு கப்பிகளில் இரண்டு ஆண்கள் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். பெண் மீன் வெளிர் சாம்பல் நிறத்தில் எளிமையாக இருக்கும். கருவுற்ற பெண் ஏறத்தாழ ஒரு மாதத்தில் குட்டி போடும். ஒருமுறை பெற்ற விந்தணுவை மாதக்கணக்கில் உடலுக்குள் சேமித்துவைத்துப் பயன்படுத்தும் திறனும் அதற்கு உண்டு. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஆணிடம் இருப்பது இரண்டு ரூட்

ஆண் கப்பி இனப்பெருக்கம் செய்ய இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மேலே சொன்ன நடனம். பெண் பார்த்து, பிடித்திருந்தால் நெருங்கி வரும். இதில் முடிவு பெண்ணின் கையில்.

இரண்டாவது வழியில் நடனமும் இல்லை, சம்மதமும் இல்லை. ஆணின் அடிப்பக்கத் துடுப்பு ஒன்று குழாய்போல மாறி, விந்தணுவைச் செலுத்தும் உறுப்பாக இருக்கிறது. பெண் கவனிக்காத நேரத்தில் பின்பக்கமாகப் பதுங்கி வந்து, அந்த உறுப்பை வைத்து வேகமாக முயன்றுவிட்டு ஆண் ஓடிவிடும். ஒவ்வொரு முயற்சியும் பலிக்கும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் முயற்சிகளின் எண்ணிக்கைக்குக் குறைவே இருக்காது.

ஒரே ஆண் இரண்டையும் செய்யும். எப்போது எதைச் செய்யும்? இங்கேதான் 'சுற்றம்' உள்ளே வருகிறது.

முதல் ஆள்: வேட்டை மீன்

டிரினிடாடின் வடக்கு மலைத்தொடரில் இருந்து பல ஆறுகள் இறங்குகின்றன. அவற்றில் ஆங்காங்கே அருவிகள் இருக்கின்றன. கீழ்ப்பகுதியில் கப்பிகளைத் தின்னும் பெரிய மீன்கள் வாழும். அவற்றால் அருவியைத் தாண்டி மேலே ஏற முடியாது. அதனால் அருவிக்கு மேலே இருக்கும் கப்பிகளுக்கு ஆபத்து குறைவு. ஒரே ஆறு, ஒரே மீன், ஆனால் மேலே ஒரு வாழ்க்கை, கீழே ஒரு வாழ்க்கை. ஆய்வாளர்களுக்கு இயற்கையே ஆய்வகம் கட்டிக் கொடுத்த மாதிரி.

இதைப் பயன்படுத்திக்கொண்டவர் அமெரிக்க உயிரியலாளர் ஜான் எண்ட்லர். 1976-ல் அரிப்போ ஆற்றில், ஆபத்து அதிகமான கீழ்ப்பகுதியில் இருந்து சுமார் 200 கப்பிகளைப் பிடித்து, கப்பியும் இல்லாத, பெரிய வேட்டை மீன்களும் இல்லாத ஒரு கிளை ஓடையில் விட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த ஓடையின் ஆண்கள் பளிச்சென்று மாறியிருந்தன. புள்ளிகள் பெரிதாகவும் அதிகமாகவும் இருந்தன. 1980-ல் வெளியான இந்த ஆய்வு, பரிணாமத்தைக் கண்ணெதிரே பார்த்த உதாரணமாக இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

இதன் உள்ளே இருக்கும் கணக்கு எளிமையானது. பெண்ணுக்குப் பிடிக்கும் அதே ஆரஞ்சு நிறம், வேட்டை மீனின் கண்ணுக்கும் தெரியும். அழகாக இருந்தால் காதல் கிடைக்கும், கூடவே சாவும் கிடைக்கலாம்.

இது தலைமுறைகளில் நடக்கும் மாற்றம். ஆனால் ஒரே மீன், ஒரே நாளில்கூட கணக்கு போடுகிறது. வெளிச்சம் குறைவாக இருக்கும் அதிகாலையிலும் மாலையிலும்தான் கப்பிகள் அதிகம் நடனமாடுகின்றன என்று எண்ட்லர் 1987-ல் எழுதினார். பெண் மிக அருகில் இருக்கிறது, அதற்கு அந்த மங்கல் வெளிச்சமே போதும். தூரத்தில் இருக்கும் எதிரிக்குப் போதாது.

ஆபத்து நேரடியாகத் தெரிந்தால்? ஆண்கள் நடனத்தைக் குறைத்துக்கொண்டு பதுங்கல் வழிக்கு மாறுவதை ழான்-கீ கோடின் 1995-ல் பதிவுசெய்தார். இதில் இன்னொரு கசப்பான விஷயமும் இருக்கிறது. வேட்டை மீன் வந்தால் பெண் கப்பிகள் அதன்மேல் கண் வைக்கின்றன, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனிக்கின்றன. 1991-ல் ஆன் மகுரனும் மார்ட்டின் நோவாக்கும் கண்டது: பெண்களின் கவனம் எதிரிமேல் இருக்கும் அந்த நேரத்தைத்தான் ஆண்கள் பதுங்கல் முயற்சிக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. உயிர் பிழைக்கக் கவனம் வைத்தால், பின்பக்கம் காவல் இல்லாமல் போகிறது.

இரண்டாவது ஆள்: இன்னொரு பெண்

புதிதாகத் திறந்த இரண்டு பிரியாணிக் கடைகள். ஒன்றில் கூட்டம், ஒன்றில் ஈ ஓட்டுகிறார்கள். நீங்கள் எதில் நுழைவீர்கள்? பெண் கப்பிகளும் சில நேரம் அப்படித்தான் என்று சொன்னவர் அமெரிக்க ஆய்வாளர் லீ டுகாட்கின்.

1992-ல் வெளியான அவருடைய சோதனை இப்படி இருந்தது. தொட்டியின் இரண்டு முனைகளில் இரண்டு ஆண்கள். அவற்றில் ஓர் ஆணுக்கு அருகில் மட்டும் ஒரு பெண் மீன் இருக்கும். நடுவில் கண்ணாடிக்குள் இருக்கும் இன்னொரு பெண் இந்தக் காட்சியைக் கொஞ்ச நேரம் பார்க்கும். பிறகு அந்த 'மாடல்' பெண்ணை எடுத்துவிட்டு, பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை வெளியே விடுவார்கள். அது பெரும்பாலும், சற்று முன் ஜோடியாக இருந்த ஆணின் பக்கமே போனது. 'மீன்கள் கூட்டமாக இருக்க விரும்பும், அதனால் போயிருக்கும்' என்ற சந்தேகம் வரும் இல்லையா? அதைச் சரிபார்க்கத் தனிச் சோதனைகளையும் டுகாட்கின் செய்தார்.

அதே ஆண்டு அவரும் கோடினும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரு பெண், தானாக ஓர் ஆணைத் தேர்ந்தெடுக்கிறது. அதன்பிறகு, தான் வேண்டாம் என்று விட்ட ஆணுடன் இன்னொரு பெண் இருப்பதைப் பார்க்கிறது. திரும்பவும் வாய்ப்பு கொடுத்தால்? பல பெண்கள் முடிவை மாற்றிக்கொண்டன.

அடுத்த ஆண்டு வந்த முடிவு இன்னும் சுவாரசியம். வயதில் சின்ன பெண்கள், மூத்த பெண்களைப் பார்த்துக் காப்பி அடித்தன. மூத்த பெண்கள் சின்னவர்களைப் பார்த்து அடிக்கவில்லை. அனுபவம் இல்லாதபோது அனுபவசாலியைப் பார்த்து முடிவெடுப்பது நேரத்தையும் ஆபத்தையும் மிச்சப்படுத்தும் வழியாக இருக்கலாம்.

அப்படியென்றால் பெண்ணுக்குச் சொந்த ரசனையே கிடையாதா? உண்டு. அதற்கு எல்லை எங்கே என்பதையும் டுகாட்கின் 1996-ல் அளந்து பார்த்தார். இரண்டு ஆண்களின் ஆரஞ்சு நிறத்தில் வித்தியாசம் சிறிதாகவோ நடுத்தரமாகவோ இருந்தால், அடுத்த பெண்ணின் தேர்வு ஜெயித்தது. வித்தியாசம் 40 சதவீதம் அளவுக்குப் பெரிதாக இருந்தால், யார் யாருடன் நின்றாலும் பெண்கள் ஆரஞ்சு அதிகம் உள்ள ஆணையே தேர்ந்தெடுத்தன. பிறவி ரசனையும் ஊர்ப் பேச்சும் ஒன்றோடொன்று மோதும்போது, எது ஜெயிக்கும் என்பது வித்தியாசத்தின் அளவைப் பொறுத்தது.

ஒரு முக்கியமான குறிப்பு: இந்தச் சோதனைகளை வேறு இடங்களில் வாழும் கப்பிகளை வைத்து மற்றவர்கள் செய்தபோது எல்லா இடத்திலும் இதே முடிவு வரவில்லை. சில ஆய்வுகளில் காப்பி அடித்ததற்கான தடயமே கிடைக்கவில்லை. 'பெண் கப்பி எப்போதும் காப்பி அடிக்கும்' என்று யாராவது வீடியோவில் சொன்னால் நம்ப வேண்டாம். எந்த ஆறு, எந்தக் கூட்டம், என்ன சூழல் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மூன்றாவது ஆள்: இன்னோர் ஆண்

போட்டோ எடுக்கும்போது யார் பக்கத்தில் நிற்பது என்று யோசிப்பவர்கள் உண்டு. ஆண் கப்பியும் அந்த வகைதான்.

இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளெலியா கஸ்பரினி, ஜோவானா செரேனா, ஆண்ட்ரியா பிலாஸ்ட்ரோ மூவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் ஆண்களுக்கு இரண்டு பெண்களைக் காட்டினார்கள். ஒரு பெண்ணைச் சுற்றி நிறம் மங்கிய ஆண்கள். இன்னொரு பெண்ணைச் சுற்றிப் பளிச்சென்ற ஆண்கள். சோதனைக்கு வந்த ஆண்கள், மங்கிய ஆண்கள் சூழ்ந்த பெண்ணின் பக்கம் போவதையே விரும்பின. காரணம், அழகு என்பது ஒப்பீடு. ஒரே ஆண், யார் பக்கத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஹீரோவாகவும் தெரியும், சைடு கேரக்டராகவும் தெரியும்.

நிறத்தின் பிரகாசம் மட்டும் இல்லை, புதுமையும் செல்லும். டிரினிடாடில் ஆற்றுக் குட்டைகளில் இருந்த ஆண்களின் நிற வகைகளை மாற்றி, சில வகைகளை அபூர்வமாகவும் சிலவற்றைச் சகஜமாகவும் ஆக்கிப் பார்த்தார்கள். 2006-ல் வந்த முடிவு: அபூர்வ நிறம் உள்ள ஆண்கள் அதிகம் உயிர் பிழைத்தன. 2013-ல் கிம்பர்லி ஹியூஸ் குழு வெளியிட்ட முடிவு: அதே அபூர்வ ஆண்கள் அதிகப் பெண்களுடன் இணைந்து, அதிகக் குட்டிகளுக்கும் தந்தையாயின. இந்தக் குட்டையில் அபூர்வமாக இருக்கும் நிறம் பக்கத்துக் குட்டையில் சகஜமாக இருக்கலாம். அங்கே போனால் அந்த மவுசு போய்விடும். மீன் மாறவில்லை, சுற்றி இருப்பவர்கள் மாறினார்கள்.

யாரோ பார்க்கிறார்கள் என்றால்...

கப்பியின் நெருங்கிய சொந்தம் மோலி மீன். நம் ஊர் மீன் கடைகளிலும் கிடைக்கும். 2008-ல் மார்ட்டின் பிளாத், இங்கோ ஷ்லுப் உள்ளிட்டோர் அட்லாண்டிக் மோலி ஆண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள்.

தனியாக இருக்கும்போது ஆணுக்கு எந்தப் பெண்ணைப் பிடிக்கிறது என்று முதலில் குறித்துக்கொண்டார்கள். பிறகு, இன்னோர் ஆணை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் பார்வையாளராக வைத்தார்கள். போட்டியாளர் பார்க்கிறான் என்று தெரிந்ததும், ஆண் முதலில் போய் நின்றது தனக்குப் பிடிக்காத பெண்ணின் பக்கம்! போட்டியாளரைத் திசைதிருப்பும் வேலை இது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். மோலி ஆண்களும் அடுத்தவரின் தேர்வைக் காப்பி அடிப்பவை. அதனால் தன் தேர்வை மறைப்பதில் லாபம் இருக்கிறது. மீன் 'யோசித்துத்தான்' ஏமாற்றுகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் பார்வையாளர் இருந்தால் நடத்தை மாறுகிறது என்பது தெளிவு.

மோலிக் குடும்பத்தில் இதைவிட விசித்திரமான ஒரு கதையும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ், மெக்சிகோ எல்லைப் பகுதியில் 'அமேசான் மோலி' என்றொரு மீன் இருக்கிறது. இந்த இனத்தில் எல்லாமே பெண்தான். குட்டி போட அதற்கு விந்தணு தேவை, ஆனால் கரு வளரத் தொடங்குவதற்கான தூண்டுதலாக மட்டும்தான். பிறக்கும் குட்டி, தாயின் நகல். விந்தணு கொடுத்த வேற்றின ஆணின் மரபணு அடுத்த தலைமுறைக்குப் போகவே போகாது.

அப்படியென்றால் பாய்மரத் துடுப்பு மோலி ஆண்கள் ஏன் இந்தப் பெண்களோடு நேரத்தை வீணாக்குகின்றன? 1994-ல் ஷ்லுப், கேத்தரின் மார்லர், மைக்கேல் ரயன் ஒரு பதில் கொடுத்தார்கள். ஓர் ஆண் அமேசான் மோலியுடன் இருப்பதைப் பார்த்த சொந்த இனப் பெண்களுக்கு, அதே ஆணின்மேல் விருப்பம் கூடியது. குழந்தை கிடைக்காத உறவு, விளம்பரமாக வேலை செய்தது.

சுற்றம் மாறினால் உடம்பும் மாறும்

இதெல்லாம் வெளியே தெரியும் நடத்தை. உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காட்டியது ஆப்பிரிக்காவின் டங்கனீக்கா ஏரியைச் சேர்ந்த ஒரு சிக்லிட் மீன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் ஃபெர்னால்ட் குழு இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது.

இந்த மீன் கூட்டத்தில் சில ஆண்கள் மட்டும்தான் 'தாதா'. அவற்றுக்குப் பளிச்சென்ற நிறம், கண்ணுக்குக் கீழே கறுப்புக் கோடு, சொந்த இடம், காதல் ஆட்டம் எல்லாம் உண்டு. மீதி ஆண்கள் மங்கிய நிறத்தில், பெண்களோடு பெண்களாகச் சுற்றும். காதல் முயற்சி எதுவும் பெரிதாக இருக்காது.

2005-ல் வெளியான ஆய்வில், இருட்டாக இருக்கும்போதே தாதா மீனைத் தொட்டியில் இருந்து எடுத்துவிட்டார்கள். விளக்கைப் போட்டதும், அடங்கியிருந்த ஆண் ஒன்றுக்கு 'இடம் காலி' என்று புரிந்தது. நிமிடங்களுக்குள் அதன் உடலில் நிறம் ஏறியது, கண் கோடு தெரிந்தது, தாதாபோல நடக்கத் தொடங்கியது. இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியில் ஒரு மரபணுவின் செயல்பாடும் வேகமாகக் கூடியது. அடுத்தடுத்த நாட்களில் அந்த மூளைச் செல்களே பெரிதாகும். தாதா பதவி பறிபோனால் அதே செல்கள் மீண்டும் சுருங்கும்.

நேற்றுவரை அந்த மீனைப் பார்த்திருந்தால் 'இது கூச்ச சுபாவம்' என்று எழுதியிருப்போம். அது சுபாவம் இல்லை, சூழ்நிலை.

விலை கொடுப்பது யார்?

இதுவரை படித்தவை சுவாரசியமான தகவல்கள். ஆனால் கப்பிப் பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால் கதையின் நிறமே மாறுகிறது.

பெண் கப்பி இணைய விரும்பும் காலம் மிகக் குறைவு. முதல் முறை இணைவதற்கு முன்பும், குட்டி போட்ட பிறகு சில நாட்களும்தான். மற்ற நாட்களில் அதற்கு ஆண் தேவையே இல்லை, சேமித்த விந்தணு போதும். ஆனால் ஆண்களின் முயற்சி நிற்பதில்லை. டிரினிடாட் ஆறுகளில் ஒரு பெண் மீன் நிமிடத்துக்கு ஒரு முறை என்ற அளவில்கூடப் பதுங்கல் முயற்சியைச் சந்திக்க நேர்கிறது என்று ஆன் மகுரனும் பென் செகர்ஸும் 1994-ல் எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் திரும்ப வேண்டும், விலக வேண்டும், ஓட வேண்டும். அந்த நேரம் முழுவதும் சாப்பிடும் நேரத்தில் இருந்து கழிகிறது.

பெண்கள் என்ன செய்கின்றன? 2008-ல் சஃபி டார்டனும் டேரன் கிராஃப்டும் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஆண்கள் தொந்தரவு அதிகமானால், பெண்கள் ஆழமான, வேட்டை மீன்கள் அதிகம் இருக்கும் பகுதிக்குப் போய்விடுகின்றன. பளிச்சென்ற நிறத்தால் ஆண்களுக்கு அங்கே ஆபத்து அதிகம், அதனால் ஆண்கள் அங்கே அதிகம் வராது. தொந்தரவில் இருந்து தப்பிக்க, சாவு பக்கத்தில் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன.

இன்னொரு வழியையும் கிராஃப்ட் உள்ளிட்டோர் 2012-ல் காட்டினார்கள். இணைய விருப்பம் இல்லாத நிலையில் உள்ள பெண்கள், தங்களைவிட ஆண்களுக்கு அதிகம் பிடிக்கும் நிலையில் உள்ள பெண்களின் பக்கத்தில் இருப்பதை விரும்பின. ஆண்களின் கவனம் பக்கத்துப் பெண்மேல் போனால், தனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆண், மங்கிய ஆண்கள் இருக்கும் இடம் தேடிப் போவது கவனத்தைப் பெற. பெண், அழகான பெண் பக்கத்தில் நிற்பது கவனத்தில் இருந்து தப்பிக்க. ஒரே உத்தி, நேர் எதிரான தேவை.

அப்போ மனிதர்களும் இப்படித்தானா?

இந்த மாதிரி ஆய்வு வந்தாலே சோஷியல் மீடியாவில் 'டேட்டிங் டிப்ஸ்' ஆக மாறிவிடும். அங்கே கொஞ்சம் பிரேக் போட வேண்டும். கப்பியும் மனிதனும் பிரிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. மீனிடம் இருக்கும் ஒரு பழக்கம் மனிதனிடமும் அப்படியே இருக்கும் என்றோ, மீன் செய்வதால் அது நியாயம் என்றோ சொல்ல இதில் எதுவும் இல்லை.

எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த மீனை வைத்து 'இந்த இனத்தின் குணம் இது' என்று எழுதினால் பாதி தவறிவிடும். ஒரு சின்ன மீனுக்கே, பக்கத்தில் யார் என்பதைக் கேட்காமல் குணச் சான்றிதழ் கொடுக்க முடியவில்லை.

வீட்டில் தொட்டி இருக்கிறதா?

நிறமாக இருக்கிறது என்று ஆண் கப்பிகளையே அதிகம் வாங்கி, கூடவே ஒன்றிரண்டு பெண் மீன்களை விடுவது பலரும் செய்யும் தவறு. ஆற்றில் ஆழத்துக்கு ஓட இடம் இருக்கிறது, இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் இல்லை. நாள் முழுக்கத் துரத்தப்படும் பெண் மீன் சரியாகச் சாப்பிடாது, சோர்ந்துபோகும். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் என்ற கணக்கு பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. மறைந்துகொள்ள நீர்ச் செடிகள் அடர்த்தியாக இருப்பது நல்லது. குட்டி வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் தனியாக வைக்கலாம்.

வளர்க்க முடியவில்லை என்று ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடுவதுதான் மிகப் பெரிய தவறு. முதலில் சொன்ன விந்தணுச் சேமிப்பு இங்கேதான் முக்கியம். ஒரே ஒரு பெண் மீன் போனால்கூடப் புதிய இடத்தில் ஒரு கூட்டத்தையே உருவாக்க முடியும் என்பது சோதனைகளில் நிரூபணமாகியிருக்கிறது.

அந்தக் கூட்டம் போய்ச் சேரும் இடத்தில் ஏற்கெனவே வாழும் மீன்களுக்கு என்ன ஆகும்? மெக்சிகோவில் அப்படிப் பரவிய கப்பிகளை ஆராய்ந்தபோது, அழிவின் விளிம்பில் உள்ள உள்ளூர் இனப் பெண் மீன்களையும் ஆண் கப்பிகள் விடாமல் துரத்தி, இணைய முயன்றது தெரியவந்தது. குட்டி பிறக்க வாய்ப்பே இல்லை. ஆனால் துரத்தல் மட்டும் நிற்கவில்லை.

அந்த உள்ளூர் மீன் தன் ஆற்றில் எதுவும் செய்யவில்லை. யாரோ ஒருவர் பக்கத்தில் புதிதாக ஒரு மீனை விட்டார். அதன் வாழ்க்கை மாற அது போதுமாக இருந்தது.